லோரி விபத்தும் காப்புறுதியும்



லோரி என்பது நமக்குப் புதிய பொருளன்று. விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் ஆட்களை வேலைக்காட்டுக்கு ஏற்றிச் செல்வது லோரிதான். ஆலைக்குச் செம்பனைக் குலைகளையும், தொழிற்சாலைக்குக் கொழுந்து மூட்டைகளையும் கொண்டு போவதும் லோரிதான். ஆகவே லோரியைக் கண்டால் நமக்கு அச்சம் இல்லை. பழகிய மாடு முட்டாது என்று நினைப்பதுபோல, பழகிய வண்டி கவிழாது என்று நினைத்துவிடுகிறோம்.

இன்று நம் பிள்ளைகளில் பலர் தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கட்டுமானத் தளம், கப்பல் பட்டறை, தொழிற்சாலை, துப்புரவு வேலை என்று பல இடங்களில் இருக்கிறார்கள். ஒரு நாள் இரவில் அங்கிருந்து தொலைபேசி வருகிறது. "தம்பி லோரியில் அடிபட்டுவிட்டான், மருத்துவமனையில் இருக்கிறான்" என்று யாரோ ஒரு நண்பன் சொல்கிறான். வீட்டில் அழுகுரல் எழுகிறது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு, அடுத்த கேள்வி பிறக்கிறது. "செலவுக்கு யார் பொறுப்பு? நட்டஈடு கிடைக்குமா? எவ்வளவு கிடைக்கும்?"

எவ்வளவு என்பது பிறகு வரவேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. அடிபட்டபோது அவன் எந்த வண்டியில் இருந்தான்? எந்தக் காரியமாகப் போய்க்கொண்டிருந்தான்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் எந்தக் காப்புறுதியிடம் போவது என்று தெரியும். விடை தெரியாமல் அலைந்து, காலக்கெடுவைத் தவறவிட்டு, கையை விரித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. அந்த நிலை நம் குடும்பங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இன்றைய பேச்சு.

சிங்கப்பூரில் தொழிலாளர்களைத் தங்கும் விடுதியிலிருந்து வேலையிடத்துக்கு லோரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பேருந்தில் இருப்பதைப் போன்ற இருக்கையும் இடுப்பு வாரும் லோரியின் பின்தட்டில் இல்லை. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீவு விரைவுச்சாலையில் ஆட்களை ஏற்றிச் சென்ற ஒரு லோரி விபத்துக்குள்ளாகி, சீன நாட்டுத் தொழிலாளர் மூவர் இறந்தனர். பின்னால் ஆட்களை ஏற்றும் லோரிகளுக்குக் கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் கட்டாயமாயின. அதற்குப் பிறகும் விபத்து நிற்கவில்லை. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி காலையில், அதே விரைவுச்சாலையில், ஊழியர்களை ஏற்றிச் சென்ற லோரி ஒன்று ஓரத்தில் நின்றுகொண்டிருந்த மண் லோரியின்மீது மோதியது. இரண்டு பேர் மாண்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து அது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல், ஓட்டுநருக்குத் துணையாக ஒருவர் கண்விழித்து உடன் வரவேண்டும், நெடுநேரம் வேலை செய்த ஓட்டுநருக்கு ஓய்வு தரவேண்டும் என்ற விதிகளும் வந்தன.

விதிகள் விபத்தைக் குறைக்கலாம். ஆனால், நடந்துவிட்ட விபத்துக்கு மருந்து போடுவது காப்புறுதி. அதைப் பற்றித் தெளிவாகப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பிகள் மூவர். மூவரும் வேலை அனுமதிச் சீட்டோடு சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். மூத்தவன் கட்டுமானத் தொழிலாளி. விடுதியில் தங்கி, கம்பெனி லோரியில் வேலைக்குப் போகிறவன். நடுவன் ஜொகூர் பாருவில் குடியிருந்து, தினமும் தன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து தொழிற்சாலைக்குப் போகிறவன். இளையவன் துப்புரவுத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் போய், சிராங்கூன் சாலைக் கடைகளில் சாமான் வாங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு வருகிறவன். மூவருமே ஆளுக்கு ஒரு லோரியில் அடிபட்டதாக வைத்துக்கொள்வோம். மூத்தவன் கம்பெனி லோரியின் பின்புறத்தில் இருக்கும்போது. நடுவன் வேலைக்குப் போகும் வழியில், ஒரு சரக்கு லோரி மோதி. இளையவன் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாலையைக் கடக்கும்போது, காய்கறி லோரி தட்டி. மூவருக்கும் கால் முறிவு என்றே கொள்வோம். காயம் ஒன்று. வலி ஒன்று. ஆனால் தட்ட வேண்டிய கதவு ஒன்றல்ல.

முதல் கதவு, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். சிங்கப்பூரில் 1975-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்ற பெயரில் இருந்த சட்டம் 2008-இல் இந்தப் பெயரைப் பெற்றது. இப்போது நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம் 2019-இல் இயற்றப்பட்டு, 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. உடலுழைப்புத் தொழிலாளி எவருக்கும், சம்பளம் எவ்வளவாயினும், முதலாளி இந்தக் காப்புறுதியை வாங்கியே ஆகவேண்டும். வாங்காத முதலாளி தண்டனைக்கு உரியவர். அதோடு இழப்பீட்டைத் தம் கையிலிருந்து கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

இந்தக் கதவின் சிறப்பு என்ன? இங்கே "யார் தவறு?" என்ற கேள்வி இல்லை. லோரி ஓட்டுநர் தூங்கினாரா, எதிரே வந்தவர் குறுக்கே புகுந்தாரா, மழையில் சக்கரம் வழுக்கியதா என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையினால், வேலையின்போது அடிபட்டான் என்றால் போதும். குடிபோதையால் நேர்ந்த விபத்து, தானே வேண்டுமென்று செய்துகொண்ட காயம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே இழப்பீடு மறுக்கப்படும்.

அப்படியானால் லோரியில் போகும் நேரம் வேலை நேரமா? விடுதியை விட்டுப் புறப்பட்டு, இன்னும் கருவியைக் கையில் எடுக்காத நேரம் அல்லவா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சட்டத்தின் விடை தெளிவானது. முதலாளி நடத்துகின்ற, அல்லது முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில், அவர் சம்மதத்தோடு வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அடிபட்டால், அது வேலையில் அடிபட்டதாகவே கொள்ளப்படும். பொதுப் பேருந்து, ரயில் ஆகியவை இதில் சேரா. ஆகவே நம் மூத்தவனுக்கு முதல் கதவு திறந்திருக்கிறது. "நீ இன்னும் வேலையைத் தொடங்கவில்லையே" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு அவன் திரும்பி வரவேண்டியதில்லை.

அந்தக் கதவுக்குள் என்ன கிடைக்கும்? மூன்று வகை.

ஒன்று, மருத்துவ விடுப்புக் காலத்துச் சம்பளம். மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாள் வரையிலும், வெளிநோயாளியாக விடுப்பில் இருந்தால் 14 நாள் வரையிலும் முழுச் சராசரிச் சம்பளம். அதற்கு மேல் போனால், விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரையில் மூன்றில் இரண்டு பங்கு. மாதம் 900 வெள்ளி சராசரியாக வாங்கியவனுக்கு, அந்த நாட்கள் கழிந்த பிறகு மாதம் 600 வெள்ளி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சராசரிச் சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல, மேல்நேரச் சம்பளமும் அதில் சேரும். ஆகவே சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது மிக அவசியம்.

இரண்டு, மருத்துவச் செலவு. 2025-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியிலிருந்து நடக்கும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரையில், அல்லது விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரையில், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை. இதற்கு முந்திய விபத்துகளுக்கு உச்ச அளவு 45,000 வெள்ளி.

மூன்று, நிரந்தர உடற்குறைக்கும் மரணத்துக்கும் ஒரே தொகையாகத் தரப்படும் இழப்பீடு. காயம் ஆறி, இனி இவ்வளவுதான் தேறும் என்ற நிலை வந்தவுடன், மருத்துவர் எத்தனை விழுக்காடு உடற்குறை என்று மதிப்பிடுவார். வயது, சராசரிச் சம்பளம், விழுக்காடு ஆகிய மூன்றையும் கொண்டு தொகை கணக்கிடப்படும். 2025 நவம்பர் முதல் நடக்கும் விபத்துகளுக்கு, முழு உடற்குறைக்குக் குறைந்த அளவு 116,000 வெள்ளி, உச்ச அளவு 346,000 வெள்ளி. பகுதி உடற்குறையானால் அந்த விழுக்காட்டின் அளவுக்குக் கிடைக்கும். மூத்தவனின் காலுக்கு 8 விழுக்காடு என்று மதிப்பிட்டால், குறைந்த அளவைக் கொண்டு கணக்கிட்டாலும் 9,280 வெள்ளிக்குக் குறையாது. முழுமையாகச் செயலிழந்து பிறர் துணையால் வாழ வேண்டிய நிலை வந்தால், பராமரிப்புச் செலவுக்காக மேலும் 25 விழுக்காடு கூட்டித் தரப்படும். மரணம் நேர்ந்தால் குறைந்த அளவு 91,000 வெள்ளி, உச்ச அளவு 269,000 வெள்ளி. அது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் போன்ற குடும்பத்தாருக்கு உரியது.

மலேசியாவில் இருக்கும் நேயர்களுக்குச் சொக்சோவின் நினைவு வரலாம். சொக்சோவில் வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை வருவதுண்டு. சிங்கப்பூர்ச் சட்டம் அப்படியன்று. ஒரே தடவையாகப் பெரிய தொகை ஒன்று கிடைக்கும். அதனால் அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக்கும் என்று பிரித்து வைப்பது குடும்பத்தின் கடமையாகிறது. பணம் வந்த மாதமே கடன் கேட்டு வருகிற உறவினர்களும் உண்டு என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி இரண்டாவது கதவு. இது வண்டியின் காப்புறுதி. 1960-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன மூன்றாம் தரப்பு அபாய, இழப்பீட்டுச் சட்டத்தின்படி, சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் எந்த வண்டியும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ஓடக்கூடாது. காய்கறி லோரியும் அப்படித்தான், கற்களை ஏற்றும் லோரியும் அப்படித்தான். பாலத்தைக் கடந்து உள்ளே வரும் மலேசிய வண்டிக்கும் சிங்கப்பூரில் செல்லும் காப்புறுதி வேண்டும்.

மூன்றாம் தரப்பு என்றால் யார்? வண்டிக்காரர் முதல் தரப்பு. அவருக்குக் காப்புறுதி விற்ற நிறுவனம் இரண்டாம் தரப்பு. இவர்கள் இருவரோடும் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளாமல், தன் வழியே போய் அடிபட்டவன் மூன்றாம் தரப்பு. அவனுக்காகவே சட்டம் வண்டிக்காரரைக் காப்புறுதி வாங்கச் சொல்கிறது. லோரிக்காரரிடம் பணம் இல்லாவிட்டாலும் காயப்பட்டவன் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

நம் நடுவனுக்கு வருவோம். அவன் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். ஆனால் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் போனான். முதலாளி ஏற்பாடு செய்த வண்டி அன்று. ஆகவே முதல் கதவு அவனுக்குத் திறவாது. "வேலைக்குத்தானே போனேன்?" என்று அவன் கேட்பது நியாயமாகத் தோன்றலாம். ஆயினும் சட்டம் வகுத்த கோடு இது. அவனே வேலை நேரத்தில், முதலாளி அனுப்பிய காரியமாகச் சாலையில் போயிருந்தால் நிலைமை வேறு. அப்போது முதல் கதவு திறக்கும். இல்லையேல் அவன் மோதிய லோரியின் காப்புறுதியைத்தான் நாடவேண்டும். தன் மோட்டார் சைக்கிளுக்கு அவன் கட்டிய மூன்றாம் தரப்புக் காப்புறுதி அவனுக்கே உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவனால் அடிபட்ட பிறருக்கு உதவுமே தவிர, அவனுக்கு உதவாது.

இரண்டாவது கதவுக்கு ஒரு பூட்டு உண்டு. அங்கே "யார் தவறு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். லோரி ஓட்டுநர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்ட வேண்டும். நடுவன் பக்கமும் பாதித் தவறு இருந்தால் தொகை அந்த அளவுக்குக் குறையும். ஆனால் தவறு ஓட்டுநருடையது என்று நிலைபெற்றால், இங்கே கிடைப்பது முதல் கதவைவிட விரிவாக இருக்கலாம். வலிக்கும் வேதனைக்கும், இழந்த சம்பளத்துக்கும், இனி வரும் காலத்தில் குறையப்போகும் வருமானத்துக்கும் நீதிமன்றம் நட்டஈடு விதிக்க முடியும். காயத்துக்கான வழக்கை மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

மோதிவிட்டு நிற்காமல் ஓடிவிட்ட வண்டியானால் என்ன செய்வது? அல்லது காப்புறுதியே இல்லாத வண்டியானால்? அப்போதும் மனம் தளர வேண்டியதில்லை. இத்தகைய விபத்துகளில் அடிபட்டவர்களுக்காகவே காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மோட்டார் காப்புறுதியாளர் கழகம் சிங்கப்பூரில் இருக்கிறது. மலேசியாவிலும் அதுபோல் ஒன்று உண்டு. ஆனால் போலீஸ் புகார் இல்லாமல் அங்கே போய் நிற்பது கடினம்.

இளையவனின் நிலை என்ன? ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள், சொந்தக் காரியம். ஆகவே முதல் கதவு மூடியிருக்கிறது. காய்கறி லோரியின் காப்புறுதிதான் அவனுக்கு வழி. அங்கேயும் தவறு யாருடையது என்ற கேள்வி நிற்கும்.

இந்தக் கேள்வி எவ்வளவு பாரமானது என்பதற்குத் தேக்காவிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் கூடும் இடத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். தொழிலாளர்களை விடுதிக்குக் கொண்டுபோகும் தனியார் பேருந்து அது. அந்த இரவில் மூண்ட கலவரம் உலகம் முழுதும் பேசப்பட்டது. கலவரத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். வார ஓய்வு நாளில் உயிரிழந்த தொழிலாளியின் குடும்பம் எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கும் என்று பேசியவர்கள் சிலரே. 2014-இல் மரண விசாரணை அது ஒரு விபத்து என்று முடிவு செய்தது. ஓட்டுநர் மேல் குற்றம் சாட்டப்படவில்லை. வேலையின்போது நேரவில்லை என்றால் முதல் கதவு திறவாது. ஓட்டுநர் தவறு நிலைபெறவில்லை என்றால் இரண்டாவது கதவைத் திறப்பது அரிது. ஓய்வு நாள் விபத்தில் ஒரு குடும்பம் சந்திக்கக்கூடிய கடினமான நிலை இதுவே.

ஆனால் இளையவனுக்கு ஒரு சிறு வாசலும் இருக்கிறது. அது மருத்துவக் காப்புறுதி. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் முதலாளி மருத்துவக் காப்புறுதி வாங்கவேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் இதன் அளவு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000 வெள்ளியாக இருந்தது. 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட செலவில் முக்கால் பங்கைக் காப்புறுதி நிறுவனமும், கால் பங்கை முதலாளியும் ஏற்கவேண்டும். மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும், ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சைக்கும் இது உதவும். வேலையில் அடிபட்டானா, ஓய்வு நாளில் அடிபட்டானா என்று இது பார்ப்பதில்லை. இளையவனுக்கும் நடுவனுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் இது மருத்துவமனைக் கட்டணத்துக்கே. கால் ஊனத்துக்கு இழப்பீடு இதில் வராது.

மூத்தவனுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அவனுடைய லோரி ஓட்டுநரோ, மோதிய மற்றொரு வண்டியின் ஓட்டுநரோ தவறு செய்திருந்தால், இரண்டாவது கதவும் அவனுக்குத் திறக்கலாம். அப்படியானால் இரண்டிலும் வாங்கிக்கொள்ளலாமா? முடியாது. ஒரே காயத்துக்கு இரு பக்கமும் பணம் பெற முடியாது. முதல் கதவில் விரைவும் உறுதியும் உண்டு, தொகைக்கு எல்லையும் உண்டு. இரண்டாவதில் தொகை பெரிதாகலாம், காலமும் செலவும் நிச்சயமின்மையும் உண்டு. சிறு காயத்துக்கு முதல் கதவே பெரும்பாலும் போதும். முதுகெலும்பு, தலை, கால் இழப்பு போன்ற பெருங்காயத்துக்கு, இழப்பீட்டுக் கணக்கை ஏற்றுக் கையெழுத்திடுவதற்கு முன்பே வழக்குரைஞரின் ஆலோசனை வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு வழக்குக்குப் போக இயலாது. கணக்கில் உடன்பாடில்லை என்றால், அந்த அறிவிப்பில் குறித்த நாட்களுக்குள் மறுப்பைத் தெரிவிக்க வேண்டும்.

சரி, விபத்து நடந்தவுடன் என்ன செய்யவேண்டும்? அங்கே இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டியவை சில.

முதலாவது, உயிர். மருத்துவ ஊர்திக்கு 995, போலீசுக்கு 999. கம்பெனி மேற்பார்வையாளர் "வா, நம் மருத்துவரிடம் போகலாம்" என்று அழைத்தாலும், பெருங்காயமானால் மருத்துவமனைக்கே போகவேண்டும். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லவேண்டும். "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுக்கவேண்டும். மருத்துவர் முதலில் எழுதும் குறிப்பே பின்னர் பெரிய சாட்சியாகும்.

இரண்டாவது, சாட்சி. லோரியின் பதிவெண், இடம், நேரம், உடனிருந்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் குறிக்கப்பட வேண்டும். கையில் தொலைபேசி இருக்கிறது. படம் எடுக்க முடியுமானால் எடுத்து வைக்கவேண்டும், அல்லது நண்பனை எடுக்கச் சொல்லவேண்டும். அந்தப் படங்களை வீட்டுக்கும் அனுப்பிவிட்டால் தொலைந்துபோகாது.

மூன்றாவது, அறிவித்தல். தொழிலாளி முதலாளியிடம் உடனே சொல்லவேண்டும். வேலை விபத்தினால் ஒரு நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தாலும், 2020 செப்டம்பர் முதல் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் தெரிவிக்காவிட்டால், தொழிலாளியே அமைச்சிடம் கோரலாம். இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலக்கெடு விபத்து நாளிலிருந்து ஓராண்டு. முன்பு வழக்குக்குச் சொன்னது மூன்றாண்டு. ஓராண்டு, மூன்றாண்டு என்ற இரண்டையும் சமையற்கட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் தவறில்லை.

நான்காவது, காகிதம். மருத்துவ விடுப்புச் சீட்டு, மருத்துவமனைக் கட்டணச் சீட்டு, சம்பளச் சீட்டு, வேலை அனுமதிச் சீட்டின் நகல், போலீஸ் புகாரின் நகல் ஆகிய எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். படித்துப் புரியாத காகிதத்திலும் வேண்டாம்.

ஐந்தாவது, அவசரப்பட்டு ஊர் திரும்பாமை. "விமானச்சீட்டு எடுத்துவிட்டோம், ஊருக்குப் போய் ஓய்வெடு" என்று சொல்வது அன்பினாலும் இருக்கலாம், பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்காகவும் இருக்கலாம். மருத்துவர் உடற்குறையை மதிப்பிடுவதற்கு முன் போய்விட்டால், பிறகு சிக்கல் பெருகும். ஒருவேளை திரும்பிவிட்டாலும், வேலை அனுமதி ரத்தாகிவிட்டாலும், கோரும் உரிமை அதனால் அழிவதில்லை. காலக்கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கோரிக்கை முடியும்வரை காத்திருப்பது எளிதன்று. வேலை அனுமதி முடிந்தவர்களுக்கு மனிதவள அமைச்சு சிறப்பு அனுமதி தருவதுண்டு. அதைக்கொண்டு சிங்கப்பூரில் தங்கலாம், ஆனால் வேலை செய்ய முடியாது. வேலை இல்லை, வருமானம் இல்லை, வீட்டுக்கு அனுப்பப் பணமும் இல்லை. இப்படிக் காத்திருக்கும் தொழிலாளருக்காகவே, டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற தொண்டு அமைப்பு 2008-ஆம் ஆண்டில், தேக்காவின் கஃப் சாலையை ஒட்டி இலவச உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. சிராங்கூன் சாலையில் 579-ஆம் எண்ணில் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. ஹோம் என்ற அமைப்பும் உண்டு. மனிதவள அமைச்சின் சேவை நிலையம் பெண்டமியர் சாலையில் இருக்கிறது. இந்த இடங்களில் வழி கேட்பதற்குத் தரகர் வேண்டியதில்லை. "பத்து விழுக்காடு கொடு, நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளை புறப்படும் நாளிலேயே அவனுடைய கடவுச்சீட்டு நகலையும், வேலை அனுமதிச் சீட்டின் நகலையும், முதலாளியின் முழுப் பெயரையும் முகவரியையும் வாங்கி வையுங்கள். "கம்பெனி பெயர் தெரியாது, முதலாளியைத் 'தவுக்கே' என்றுதான் சொல்வான்" என்றால், விபத்து நாளில் யாரிடம் போவது? திருமணப் பதிவும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் சரியாக இருக்கட்டும். கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை என்று விட்டுவிட்ட குடும்பம், துக்க நாளில் தன் உறவை நிரூபிக்கக் கச்சேரி வாசலில் நிற்க நேரும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

நேயர்களே, இவ்வளவையும் கேட்ட பிறகு மனத்தில் நிற்க வேண்டியது சிறிய ஒன்றுதான். வேலையின் காப்புறுதி, யார் தவறு என்று கேட்பதில்லை, வேலையில் இருந்தாயா என்று கேட்கும். வண்டியின் காப்புறுதி, வேலையில் இருந்தாயா என்று கேட்பதில்லை, யார் தவறு என்று கேட்கும். அடிபட்டவன் எந்த வண்டியில் இருந்தான், எந்தக் காரியமாகப் போனான் என்று தெரிந்தால், எந்தக் கதவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒருவர் அடிபட்டால், துரை இரங்கி எதையாவது கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. இன்று இழப்பீடு இரக்கத்தால் வருவதன்று, உழைப்பவனின் உரிமையாக வருவது. ஆனால், கேளாத உரிமை கிடைப்பதில்லை. காலம் கடந்து கேட்டாலும் கிடைப்பதில்லை. இன்றிரவு பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, இன்னொன்றையும் கேளுங்கள். "தம்பி, உன் கம்பெனியின் முழுப் பெயர் என்ன? வேலைக்கு எந்த வண்டியில் போகிறாய்?" அவன் சொல்வதை ஒரு காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது தேவைப்படாமலே போகட்டும் என்பதே நம் வேண்டுதல்.